மகனைப் பற்றி நான் சொன்ன நான்கு வசனங்கள்

1

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. "அண்ணை, நீங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தைஞ்சு வருசம் ஆகுதெல்லே, அதைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றார். முதல் பனி, முதல் வேலை, யாரோ தந்த பழைய குளிர் அங்கி என்று எழுதினால் ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கிழமை எனக்கு வந்திருக்கிற கோபத்தில் பனியைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. ஆகவே ஒரு பந்தைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

என் மகன் அஜிந்தனுக்கு இருபத்து நான்கு வயது. இங்கே 'ஃபுட்போல்' என்று இவர்கள் சொல்கிற, கையால் எறிகிற விளையாட்டில் அவன் தொழில்முறை ஆட்டக்காரன். அணியின் பெயரை எழுத மாட்டேன். போன வருடம் அவனை எடுத்தார்கள். அதே வருடம் கொனர் என்ற இன்னொரு பையனையும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே இடம், பந்தை எறிகிற குவாட்டர்பாக். அந்த இடத்தில் அனுபவசாலி ஒருவர் ஏற்கனவே இருக்கிறார். ஆகவே இந்த வருடப் பயிற்சி முகாம் முடியும்போது இளையவர்கள் இருவரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒஷாவாவில் வேலை இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். இணையத்தில் ஒரு விளையாட்டு விமர்சகர் இருவரையும் ஒப்பிட்டு எழுதியிருந்ததைக் கைபேசியில் வாசித்தேன். யார் இன்னும் முன்னேறுவான் என்பதுதான் கட்டுரை. கொனர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டதற்கு, "இளம் வயதின் துணிச்சல், வளர நிறைய இடமிருக்கிறது" என்று எழுதியிருந்தார். அஜிந்தன் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டதற்கு, "இவனிடம் நாம் காண்பது இவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். அதே ஆட்டம், அதே பிழை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக நடந்தது. ஒருவனுக்கு அது வயதுக் கோளாறு, மற்றவனுக்கு அது தலைவிதி. சாப்பாட்டுப் பெட்டியை நான் மூடிய சத்தத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

கட்டுரையின் கடைசிப் பந்தியில் இன்னொரு வசனம் இருந்தது. "இவன் சோம்பேறி, கஷ்டமென்றால் விட்டுவிடுவான் என்று வீட்டாரே அணிக்குச் சொல்லியிருப்பதாக அறிகிறோம்."

வீட்டார் என்றால் வேறு யாருமில்லை. நான்தான் சொன்னேன்.

2

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து உருண்டையல்ல, இரண்டு முனையும் கூர். குவாட்டர்பாக்கின் கைக்குப் பந்து வந்ததும் எதிரணியின் மலை மாதிரி மனிதர்கள் அவனை விழுத்த ஓடி வருவார்கள். அவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் தன் ஆட்கள் எங்கே ஓடுகிறார்கள், யாரை எதிரணி மறித்துவிட்டது, யார் தனியாக நிற்கிறான் என்று பார்த்து அவனுக்கு எறிய வேண்டும். எறிகிற கையைவிடப் பார்க்கிற கண்தான் பெரிது. இதை விளங்கிக்கொள்ள எனக்கே மூன்று வருடம் எடுத்தது.

நான் கார்களுக்குப் பிரேக் பாகம் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். பிழையான பாகத்தில் சிவப்பு அட்டை மாட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. பிழை வருவது எனக்குப் பெரிய விசயமில்லை. அட்டை மாட்டி அனுப்பிய அதே பிழை அடுத்த கிழமையும் வருகிறதா என்றுதான் பார்ப்பேன். இருபது வருடமாக அதையே பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணால் இருவரின் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறேன், காணொளியை நிறுத்தி நிறுத்தி.

கொனரின் கை பலமான கை. பொய் சொல்லக்கூடாது. அவன் எறிகிற தூரத்துக்கு அஜிந்தன் எறிய மாட்டான். நல்ல பையன், ஒருமுறை முகாமில் என்னைக் கண்டு 'சேர்' என்று கை கொடுத்தவன். ஆனால் முதலாவது ஆளை எதிரணி மறித்துவிட்டால் அவனுக்கு இரண்டாவது ஆள் தெரியாது. மறிபட்ட ஆளுக்கே எறிவான். போன வருடமும் எறிந்தான், இந்த வருடமும் எறிகிறான். அந்த அட்டை மாட்டியபடியே இருக்கிறது.

அஜிந்தனின் பிழைகள் வேறு. போன வருடம் பந்தை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து அடிவாங்கினான். இந்த வருடம் வழியில்லை என்று கண்டால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கிறான். போன வருடம் அவன் பந்து தட்டையாகப் போகும், முன்னால் நிற்கிற எதிரணிக்காரனின் கையில் படும். அதற்குக் காரணம் விமர்சகருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் அடுக்குமாடியில் இருந்தபோது, பனிக்காலத்தில் அவன் பழகியது நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில். கூரை தாழ்வு, மேலே தண்ணீர்க் குழாய்கள். பந்தை உயர்த்தினால் குழாயில் படும். ஆகவே தட்டையாக எறிந்து பழகிவிட்டான். பாடசாலைக்கு முன் காலை ஐந்தரைக்கு இறங்குவான். நான் மறுமுனையில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பிடிக்க நிற்பேன். கட்டட நிர்வாகத்திடமிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு தரிப்பிடத்தின் மற்ற மூலைக்கு மாறினோம்.

அந்தத் தட்டை எறியை ஒரே வருடத்தில் மாற்றிவிட்டான். இப்போது நிற்பவனின் கைக்கு மேலால் உயர்த்தி, ஓடுகிறவனின் நெஞ்சில் கொண்டுபோய் இறக்குகிறான். பத்து வருடப் பழக்கத்தை ஒரு வருடத்தில் மாற்றுகிறவனைப் பார்த்து "இவ்வளவுதான்" என்று எழுத அந்த மனிதருக்கு எப்படிக் கை வந்தது?

ஆனால் அவருக்கு எடுத்துக்கொடுத்தவன் நான். அதனால்தான் இந்தக் கோபம் எங்கே போய் விழுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றுகிறது.

3

அணியில் எடுப்பதற்கு முன் வீட்டாரையும் பார்ப்பது இவர்களின் வழக்கம். பிள்ளை எப்படிப்பட்டவன், வீடு எப்படிப்பட்டது என்று அறிய ஒருவரை அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரின் பெயர் டேவ். நாங்கள் அப்போது ஸ்ரௌவ்விலுக்கு வீடு மாறி வந்திருந்தோம். மனைவி வசந்தி ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். அவர் நாலு ரோல்ஸ் சாப்பிட்டார், நன்றாகவே கதைத்தார், பிறகு ஒரு சின்னக் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்கள் மகனிடம் உள்ள மிகப் பெரிய திறமை என்ன?"

அஜிந்தன் பக்கத்தில் இல்லை, பல்கலைக்கழகத்தில் நின்றான். நான் ஒரு தமிழ்த் தகப்பன். பெற்ற பிள்ளையைப் பிறத்தி மனிதருக்கு முன்னால் புகழ எனக்குத் தெரியாது. அப்படிப் புகழ்கிறவர்களைப் பார்த்து நாங்கள் சிறுவயதில் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். நாவூறு படும் என்ற பயம் ஒன்று. அதைவிட, மரியாதையான மனிதன் தன் பொருளைத் தானே விலை கூறமாட்டான் என்ற எண்ணம் ஒன்று. யாராவது உங்கள் பிள்ளை கெட்டிக்காரன் என்றால் "ஏதோ இருக்கிறான்" என்போம். கேட்டவருக்கு அதன் பொருள் விளங்கும். அவர் திரும்பவும் புகழ்வார், நாங்கள் திரும்பவும் மறுப்போம், மூன்றாவது தரம் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுப்போம்.

டேவுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னது நான்கு வசனம். பெரிய திறமை ஒன்றுமில்லை. சரியான சோம்பேறி, எழுப்பாவிட்டால் மத்தியானம் வரை படுப்பான். கஷ்டமென்றால் விட்டுவிடுவான், சின்னனில் வயலின் வகுப்பை அப்படித்தான் விட்டவன். இவனைவிடத் திறமான பிள்ளைகள் உங்களுக்குக் கிடைப்பார்கள்.

சொல்லிவிட்டு, அவர் மறுத்துப் புகழ்வார் என்று காத்திருந்தேன். அவர் கொப்பியில் எழுதினார். நான்கையும் எழுதினார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. என்ன பொறுப்பான மனிதர் என்று நினைத்து இன்னொரு ரோல்ஸ் எடுத்து வைத்தேன்.

கதவடியில் சப்பாத்துப் போடும்போது அவர், "இவ்வளவு நேர்மையான தகப்பனை நான் கண்டதில்லை" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்து ஒரு கிழமை சந்தோசமாகத் திரிந்தேன். என்னைவிட ஒரு விசரன் இந்த மாகாணத்திலேயே இருக்க மாட்டான்.

கொனரின் தகப்பன் என்ன சொன்னார் என்பதும் அதே கட்டுரையில் இருந்தது. "என் மகன் இதற்காகவே பிறந்தவன்" என்று சொன்னாராம். அதில் என்ன குறை? தகப்பன் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடம் இந்த நாட்டின் தண்ணீரைக் குடித்தும் எனக்கு அது ஏறவில்லை.

4

ஏறாததற்கு நான் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் வருடம் ஒருமுறை ஒரு படிவம் தருவார்கள். உங்கள் பலங்களை எழுதவும் என்று ஒரு பெட்டி இருக்கும். முதல் வருடம் நான் அதில், இன்னும் கற்க நிறைய இருக்கிறது என்று எழுதினேன். அடக்கமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. எனக்குப் பிறகு வந்த ஒருவன் அதே பெட்டியில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினான். அவன் எங்கள் பிரிவுக்கு மேற்பார்வையாளன் ஆனான். நான் அடுத்த வருடமும் இன்னும் கற்க நிறைய இருக்கிறது என்றே எழுதினேன். என் அட்டையும் மாட்டியபடியேதான் இருக்கிறது. கொனரைச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். அவன் பொறியியல் படிக்காமல் பந்தோடு போனபோது எங்கள் சனம் பேசிய பேச்சு. கோயில் மண்டபத்தில் சிவம் அண்ணை, என்னோடு ஒன்றாக வந்திறங்கியவர், நாலு பேருக்கு முன்னால் கேட்டார்: "பந்து எறியவோ ஐசே பிள்ளையைக் கனடாவில பெத்தனீர்?" நான் என்ன சொன்னேன்? "என்ன செய்யிறது அண்ணை, படிப்பு ஏறேல்லை" என்றேன். அவன் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துத் திறமாகச் சித்தியடைந்தவன். அப்படியிருந்தும் அதைத்தான் சொன்னேன். அஜிந்தன் பிரசாதத் தட்டோடு பக்கத்தில் நின்றான்.

அணி அவனை எடுத்த பிறகு அதே சிவம் அண்ணை ஆட்டத்துக்கு ரிக்கெற் எடுத்துத் தரமுடியுமா என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு நல்ல வார்த்தை முதலில் சொல்லிவிட்டாவது கேட்டிருக்கலாம். ஆனால் நானே சொல்லாத வார்த்தையை அவர் ஏன் சொல்லப்போகிறார்?

5

கட்டுரை வந்த மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். அணிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். அகதி வழக்கில் இருந்து வாகனத் தரிப்பிடம் வரை இந்த நாட்டில் எனக்கு எல்லாமே கடிதத்தால்தான் நடந்தது. அந்த நம்பிக்கை. சம்பந்தப்பட்டவருக்கு என்று தொடங்கி, நான் முன்னர் கூறிய கூற்றுகளை மீளப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். பிறகு மகன் எப்படிப்பட்டவன் என்று எழுத வேண்டிய இடம். அங்கே கை நின்றுவிட்டது. பயத்தை, கைதை, ஓடி ஒளிந்ததை எல்லாம் ஒரு காலத்தில் அதிகாரிக்கு முன்னால் நிறுத்தாமல் சொன்னவன் நான். மகனின் நல்லதைச் சொல்ல மத்தியானம் வரை எடுத்தது. கடைசியில் இரண்டு பக்கம் வந்தது.

வசந்தி வாசித்தாள். முழுவதும் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள். இதை அவனிட்டைச் சொன்னனீங்களோ?"

"அவனிட்டை ஏன்? முடிவெடுக்கிறது அவங்களெல்லோ."

"இஞ்சேருங்கோ, அவங்கள் முடிவெடுத்திருப்பாங்கள். நான் கேக்கிறது பிள்ளையை. அவன் அந்தக் கட்டுரையை வாசிச்சிருக்க மாட்டானோ? வீட்டார் எண்டா ஆர் எண்டு அவனுக்குத் தெரியாதோ?"

செவ்வாய் முழுக்க அணி என்ன நினைக்கும் என்று பதறிய நான், அவன் என்ன நினைப்பான் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. தொலைபேசியை எடுத்தேன். எடுத்து, முகாம் முடிகிற கிழமை, குழப்பக்கூடாது என்று வைத்துவிட்டேன். அது சாட்டு. எனக்குப் பயம்.

கடிதத்தை அனுப்பவில்லை. சனிக்கிழமை அணி பட்டியலை வெளியிட்டது. கொனரை வைத்துக்கொண்டார்கள்.

6

ஞாயிறு மத்தியானம் அஜிந்தனின் கார் வீட்டு முன்னால் வந்து நின்றது. இரண்டு பெரிய பை, ஒரு சோடிச் சப்பாத்து. அழுத முகமில்லை. தாய் கட்டிப்பிடித்தாள், அவன் குனிந்து கொடுத்தான். பிறகு அவள் உள்ளே போய்விட்டாள், வேண்டுமென்றே போனாள் என்று நினைக்கிறேன். நான் காரின் பின்கதவைத் திறந்து ஒரு பையைத் தூக்கினேன். அவன் மற்றதைத் தூக்கினான்.

"அஜி, அந்தக் கட்டுரை..."

"வாசிச்சனான் அப்பா."

"அந்த வீட்டார் நான்தான்."

"ஐ நோ. டேவ் இஞ்ச வந்திட்டுப் போன அண்டைக்கே எனக்குக் கோல் பண்ணினவர். உங்கட அப்பா இப்பிடிச் சொல்லுறார், இஸ் இட் ட்ரூ எண்டு கேட்டவர்."

பையை நிலத்தில் வைத்துவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக இவன் அதை மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான். பொங்கலுக்கு வந்து, என் பிறந்தநாளுக்கு வந்து, எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"நீ என்ன சொன்னனீ?"

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான் கதைக்கிறவை எண்டன். தமிழ் அப்பாமார் வெளி ஆக்களுக்கு மகன் சோம்பேறி எண்டு சொன்னா, உள்ளுக்கை சரியான ப்ரௌட் எண்டு அர்த்தம் எண்டன். அவர் சிரிச்சவர். பட் ஹீ கெப்ட் த நோட்ஸ்."

எனக்கு ஒரு கணம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. இவனுக்கு விளங்கியிருக்கிறது. என்னை விட்டுக்கொடுக்காமல் அந்த மனிதருக்கு எடுத்தும் சொல்லியிருக்கிறான். நான் சிரிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

அவன் காரின் கதவை மூடினான்.

"தெரியேல்லை அப்பா. நான் சும்மா கெஸ் பண்ணித்தான் சொன்னனான். வீட்டுக்குள்ளையும் நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

ஸ்ரௌவ்வில் தெருவில் ஞாயிற்றுக்கிழமை நடமாட்டம் இருக்காது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என் வாயில் முதலில் வந்தது வழக்கமான வார்த்தைதான், நீயும் கொஞ்சம் முயற்சி செய்தால் என்று தொடங்குகிறது. அதை விழுங்கினேன். பிறகு, எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னேன்:

"நீ கெட்டிக்காரன்ரா. கொனரை விட நீ கெட்டிக்காரன். நான் தகப்பன் எண்டதால சொல்லேல்லை, ரெண்டு பேரையும் பாத்துத்தான் சொல்லுறன். நீ இன்னும் முன்னுக்கு வருவாய்."

அஜிந்தன் என்னைப் பார்த்தான். சிரித்தான், கோபமில்லாத நல்ல சிரிப்பு. நான் நிலத்தில் வைத்த பையையும் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இட்ஸ் ஓகே அப்பா. என்னை ரீமில இருந்து வெட்டிப்போட்டாங்கள் எண்டதுக்காக நீங்கள் இப்பிடியெல்லாம் சொல்லத் தேவையில்லை."